முடிவுக்காகக் காத்திருக்கும் வீடு
மீத்திறன் சோதனை செய்த பேரப்பிள்ளைக்குத் தாத்தா பாட்டி எப்படி உதவலாம்?

உங்கள் பேரனோ பேத்தியோ அண்மையில் மீத்திறன் சோதனை ஒன்றைச் செய்திருக்கலாம். முடிவு வர இன்னும் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை மகனும் மருமகளும் கைத்தொலைபேசியில் மின்னஞ்சலை அடிக்கடி பார்ப்பார்கள். சாப்பாட்டு மேசையில் பேச்சு குறையும். என்ன சோதனை, எதற்காக என்று உங்களிடம் யாரும் விளக்கமாகச் சொல்லாமலும் இருக்கலாம்.

பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருவது, சாப்பாடு கொடுப்பது, பெற்றோர் வேலை முடிந்து திரும்பும்வரை உடனிருப்பது என்று பல வீடுகளில் பிள்ளையின் பிற்பகல் தாத்தா பாட்டியின் பொறுப்பில்தான் கழிகிறது. ஆகவே, இந்த வாரங்களில் பிள்ளை எதைக் கேட்கிறது, எப்படி உறங்குகிறது, எதற்குப் பயப்படுகிறது என்பதைப் பெற்றோருக்கு முன்பே நீங்கள் கவனிக்கக்கூடும்.

இந்தச் சோதனை என்ன, அதன் எண்களை எப்படிப் புரிந்துகொள்வது, முடிவு வருவதற்கு முன்பும் பின்பும் என்ன பேசலாம், எப்போது உதவி நாடவேண்டும் என்பவற்றை இந்தக் கையேடு விளக்குகிறது.

எந்தச் சோதனை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டில் மீத்திறன் சோதனை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, பள்ளியில் நடப்பது. ஜிஇபி என்று பலரும் அழைக்கும் மீத்திறன் மாணவர் கல்வித் திட்டம் சிங்கப்பூரில் 1984ல் தொடங்கியது. உங்கள் சொந்தப் பிள்ளைகள் படித்த காலத்திலேயே அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த முறையில் தொடக்கநிலை 3 மாணவர்களுக்கு இரண்டு கட்டங்களாகத் தேர்வு நடக்கும். ஏறக்குறைய நூறில் ஒருவர் தேர்வாகி, குறிப்பிட்ட சில பள்ளிகளில் தனி வகுப்பில் படிப்பார்.

இப்போது அந்த ஏற்பாடு மாறுகிறது. 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபடி, 2024ல் தொடக்கநிலை 1ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து புதிய முறை நடப்புக்கு வருகிறது. தேர்வு ஒரே கட்டமாக நடைபெறும். ஆசிரியர்கள் வகுப்பில் கவனித்தவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். பிள்ளை தன் பள்ளியிலேயே தொடர்ந்து படிக்கும். ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் திறன் மிகுந்த மாணவர்களுக்கான திட்டங்கள் இருக்கும். கூடுதல் சவால் தேவைப்படுவோர் பள்ளி நேரத்திற்குப் பிறகு, அதற்கென உள்ள பள்ளிகளில் நடைபெறும் வகுப்புகளுக்குச் செல்லலாம். "தேர்வானால் பெரிய பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் இங்கேயே கிடக்கவேண்டும்" என்று நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை.

இரண்டாவது, உளவியலாளர் ஒருவர் பிள்ளையைத் தனியே அமர்த்திச் செய்யும் அறிவுத்திறன் சோதனை. ஐக்யூ சோதனை என்று நாம் சொல்வது இதைத்தான். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்வதுண்டு. வெக்ஸ்லர் சோதனை பலராலும் பயன்படுத்தப்படும் ஒன்று. உளவியலாளர் கேள்விகள் கேட்பார்; பிள்ளை கட்டைகளை அடுக்கும்; படங்களில் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும்; எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும். ஒரு மணி நேரமோ சற்று அதிகமோ ஆகலாம். பிறகு உளவியலாளர் மதிப்பெண்களைக் கணக்கிட்டு, பெற்றோரிடமும் பேசி, அறிக்கை எழுதுவார். காத்திருப்பு நீள்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். தாமதமானால் முடிவு மோசம் என்று பொருளில்லை.

எண்களை எப்படிப் படிப்பது?

அறிக்கை வந்ததும் எண்களைப் பார்த்துத் தவறாகப் புரிந்துகொள்ள நிறைய வாய்ப்புண்டு. நாம் பள்ளித் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்துப் பழகியவர்கள். இங்கே கணக்கு வேறு.

• அறிவுத்திறன் சோதனையில் 100 என்பது முழு மதிப்பெண் இல்லை; அதுதான் சராசரி. பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழு பேர் 85க்கும் 115க்கும் இடையில் இருப்பார்கள். 130 அல்லது அதற்குமேல் பெறுவோர் நூறில் ஏறக்குறைய இரண்டு பேர்தான்.

• சதமானம் என்ற சொல்லும் அறிக்கையில் இருக்கும். இது சதவீதம் அன்று. 75ஆவது சதமானம் என்றால், அதே வயதுடைய நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் 75 பேர் அந்தப் பிள்ளைக்குச் சமமாகவோ பின்னாலோ இருப்பார்கள் என்று பொருள். 50ஆவது சதமானம் என்றால் வரிசையின் சரிநடு. "ஐம்பதுதானா? தட்டுத்தடுமாறிப் பாஸாகியிருக்கிறானே!" என்று சொல்லிவிடாதீர்கள்.

• ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கலாம். எடுத்துக்காட்டாக, 118 என்று போட்டு, 112 முதல் 123 வரை என்று எழுதியிருப்பார்கள். எந்தச் சோதனையிலும் சற்று ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதால், பிள்ளையின் உண்மையான அளவு இந்த வரம்புக்குள் இருக்க வாய்ப்பு அதிகம் என்று அதற்குப் பொருள். காய்ச்சல், பசி, தூக்கக் கலக்கம், புதியவரிடம் கூச்சம் எல்லாம் சிறு பிள்ளையின் முடிவைப் பாதிக்கும்.

• மொத்த எண்ணைவிடப் பிரிவுகள் அதிகம் சொல்லும். சொல்லறிவு, காட்சிவழி இடமறிதல், புதிய சிக்கலுக்கு விடை காண்பது, மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது, வேகம் என்று தனித்தனியாக அளப்பார்கள். ஒரு பிள்ளை ஒன்றில் மிக உயர்ந்தும் இன்னொன்றில் சராசரியாகவும் இருக்கலாம். பிள்ளைக்கு எங்கே சவால் கொடுக்கலாம், எங்கே கைகொடுக்கவேண்டும் என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சோதனைகள் அளக்காதவையும் நிறைய உண்டு. விடாமுயற்சி, கற்பனை, இசை, நட்பு பாராட்டும் குணம், பிறர் துன்பம் கண்டு இரங்கும் மனம் ஆகியவற்றுக்கு அந்த அறிக்கையில் இடமில்லை.

வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு. 1921ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் அறிவுத்திறன் சோதனை வைத்து, 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் வாழ்க்கையைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களில் பலர் நல்ல நிலைக்கு வந்தார்கள். ஆனால் ஒருவரும் நோபெல் பரிசு பெறவில்லை. அந்தத் தேர்வில் சேர்த்துக்கொள்ளப்படாத இரண்டு சிறுவர்கள் பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றார்கள்: 1956ல் வில்லியம் ஷாக்லி, 1968ல் லூயிஸ் அல்வாரெஸ். இன்றைய நிலையை ஓரளவு காட்டும் சோதனையால் ஒரு பிள்ளையின் நாளையை முழுதாகச் சொல்லிவிட முடியாது.

"வீட்டில் தமிழ் பேசியதால் மதிப்பெண் குறைந்துவிடுமோ?"

இந்தக் கேள்வி பல தாத்தா பாட்டிகளின் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும். சிலர் சோதனை நெருங்கும்போது பேரப்பிள்ளையிடம் தமிழில் பேசுவதையே குறைத்துக்கொள்கிறார்கள். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் பேச முயல்கிறார்கள். அதன் விளைவாகக் கதையும் விளையாட்டுப் பேச்சும் குறைந்துபோகின்றன.

தமிழில் பேசுவதை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழிகள் கேட்டு வளர்வது பிள்ளையின் அறிவு வளர்ச்சியையோ பேச்சு வளர்ச்சியையோ கெடுப்பதில்லை. இருமொழிப் பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியிலும் தெரிந்த சொற்கள், ஒரே மொழி பேசும் பிள்ளையைவிடச் சிறு வயதில் சற்றுக் குறைவாக இருக்கலாம். இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணினால் குறை தெரியாது.

ஆங்கிலத்தில் நடக்கும் சோதனையில் சொல்லறிவுப் பகுதியின் முடிவை இது ஓரளவு மாற்றக்கூடும் என்பது உண்மை. இதற்கு வழி எளிது: வீட்டில் என்னென்ன மொழிகள், யாருடன், எவ்வளவு நேரம் பேசப்படுகின்றன என்பதை உளவியலாளரிடம் பெற்றோர் சொல்லவேண்டும். அதைக் கருத்தில் கொண்டு அவர் முடிவை விளக்குவார். சோதனைக்கு முன்பு சொல்ல மறந்திருந்தால் இப்போதும் சொல்லலாம். மகனிடமோ மகளிடமோ இதை நினைவூட்டுங்கள்.

நீங்கள் சொல்லும் கதை, கேட்கும் விடுகதை, சமைக்கும்போது எண்ணவைக்கும் வெங்காயம், பேருந்தில் போகும்போது நீங்கள் இருவரும் பேசும் பேச்சு ஆகிய எல்லாம் பிள்ளையின் மூளைக்கு உரம்.

பிள்ளையின் காதுகள் திறந்தே இருக்கின்றன

பெரியவர்கள் தணிந்த குரலில் பேசினாலும் பிள்ளைக்குக் கேட்கும். சொற்கள் புரியாவிட்டாலும் முகம் புரியும். "என்னால்தான் எல்லாரும் கவலையாக இருக்கிறார்கள்" என்று ஆறு வயதுப் பிள்ளை நினைத்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. நன்றாகச் செய்தால்தான் வீட்டில் தன்மேல் பாசம் இருக்கும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால், பிறகு எந்த நல்ல முடிவாலும் அதை எளிதில் அகற்ற முடியாது. இந்த வாரங்களில் நாம் மிகவும் கவனமாக இருக்கவேண்டியது இதில்தான்.

இவற்றைத் தவிர்க்கலாம்:

• "என்ன கேள்வி கேட்டார்கள்? நீ என்ன சொன்னாய்?" என்று துருவுவது.
• "நம் குடும்பத்திலேயே முதல் ஜிஇபி பிள்ளை நீதான்" என்று முன்கூட்டியே பட்டம் கொடுப்பது.
• அண்ணன், தங்கை, அத்தை மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆகியோருடன் ஒப்பிடுவது.
• பிள்ளை அருகில் இருக்கும்போது உறவினரிடம் தொலைபேசியில் இதைப் பற்றிப் பேசுவது.
• குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சோதனையைப் பற்றி எழுதுவது. எழுதிவிட்டால் முடிவையும் எல்லாரும் கேட்பார்கள்.

பிள்ளையே கேட்டால் சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள்: "உனக்கு எது பிடிக்கிறது, எப்படிச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் புரியும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனை, கண்ணு. முடிவு எப்படி வந்தாலும் நாளைக்கு நாம் வழக்கம்போல விளையாட்டு மைதானத்துக்குப் போகலாம்."

பாராட்டும் முறையிலும் கவனம் தேவை. 1998ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் பள்ளிப் பிள்ளைகள் சிலரை "நீ கெட்டிக்காரன்" என்றும் வேறு சிலரை "நன்றாக முயற்சி செய்தாய்" என்றும் பாராட்டினார்கள். கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்கள், பின்னர் கடினமான கேள்விகளில் தவறியதும் எளிதில் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள்.

"என் பேத்தி மேதை" என்பதற்குப் பதிலாக, "மூன்று தடவை கலைந்தும் விடாமல் அடுக்கிவிட்டாயே!" என்று சொல்லிப் பாருங்கள். எதைச் செய்தது நல்லது என்று பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும்.

மகனுக்கும் மருமகளுக்கும் ஆறுதல்

இந்தக் காத்திருப்பில் பெற்றோர் தங்களையே மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்கள். "போதிய அளவு சொல்லிக்கொடுத்தோமா? வேலையைக் குறைத்திருக்கவேண்டுமா?" என்ற கேள்விகள் அவர்களுக்குள் ஓடும். நம் வீடுகளில் இந்தச் சுமை பெரும்பாலும் மருமகளின் அல்லது மகளின் தோளில்தான் விழுகிறது.

"எங்கள் காலத்தில் இந்தச் சோதனை எல்லாம் உண்டா?" என்று நாம் ஆறுதலாகச் சொல்வது, அவர்கள் காதில் கேலியாக விழலாம். "அப்போதே துணைப்பாட வகுப்பில் சேர்த்திருக்கலாம்" என்பது குற்றச்சாட்டாக விழும். இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்:

"நீங்கள் இரண்டு பேரும் யோசித்துத்தான் செய்திருப்பீர்கள், அம்மா. எனக்கு என்ன உதவி செய்யவேண்டும் என்று சொல்."

"இன்று இரவு நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்."

முடிவை உங்களிடம் எப்போது சொல்வது, யாரிடமெல்லாம் சொல்வது என்பதைப் பெற்றோரே முடிவு செய்யட்டும். அது பிள்ளையின் சொந்த விவரம். உங்களிடம் சொன்னால் அது உங்களோடு இருக்கட்டும்.

முடிவு வந்த நாளில்

எதிர்பார்த்ததைவிட உயர்ந்த முடிவு வந்தால்: மகிழுங்கள், விருந்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். திறன் உயர்ந்த பிள்ளையும் பிள்ளைதான். எட்டு வயதுப் பிள்ளை படிக்கும் புத்தகத்தை ஐந்து வயதில் படிக்கும் பிள்ளை, காலணி வார் கட்ட வரவில்லை என்று அழலாம். அறிவு ஒரு வேகத்திலும் மனம் வேறொரு வேகத்திலும் வளர்வது இத்தகைய பிள்ளைகளிடம் காணப்படுவதுதான். "இவ்வளவு புத்திசாலி, இதற்குப் போய் அழுகிறாயே!" என்று கேட்காதீர்கள். வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால், அன்று அதனுடனும் தனியாகச் சற்று நேரம் செலவிடுங்கள்.

சராசரி முடிவு வந்தால்: பெற்றோர் ஏமாற்றம் அடையலாம். அதை அவர்கள் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பேசித் தீர்த்துக்கொள்ள நேரம் கொடுங்கள். பிள்ளைக்கு அன்றும் வழக்கமான சாப்பாடு, வழக்கமான கதை, வழக்கமான உறக்க நேரம் இருக்கட்டும். பரவாயில்லை என்று பலமுறை சொன்னால், ஏதோ தவறு நடந்துவிட்டது என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். நேற்று எப்படி இருந்தீர்களோ அப்படியே இருந்தால் போதும்.

ஏற்றத்தாழ்வான முடிவு வந்தால்: சில பிள்ளைகளுக்குச் சிந்தனைத் திறன் மிக உயர்ந்திருக்கும், எழுத்துக்கூட்டிப் படிப்பதிலோ கவனம் செலுத்துவதிலோ மற்றவர்களுடன் பழகுவதிலோ சிரமம் இருக்கும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கக்கூடும். மேலும் ஒரு மதிப்பீடு தேவை என்று உளவியலாளர் சொன்னால், அதைக் குடும்பத்துக்கு வந்த குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் கண்டறிந்தால் சீக்கிரம் உதவலாம். "பெரியவனானால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடும் முடிவை நீங்கள் எடுக்கவேண்டாம்.

உடல்நலத்தை விட்டுவிடாதீர்கள்

காத்திருக்கும்போது முதலில் கெடுவது உறக்கமும் விளையாட்டும்தான். 3 முதல் 6 வயதுவரையுள்ள பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை. 7 முதல் 13 வயதுவரை 9 முதல் 11 மணி நேரம் தேவை. தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாடி விளையாடட்டும். புளோக்கின் கீழே பந்து விளையாடுவது, பூங்காவில் மிதிவண்டி ஓட்டுவது, உங்களுடன் சந்தைக்கு நடந்து வருவது எல்லாம் இதில் அடங்கும்.

பிள்ளையிடம் இந்த அறிகுறிகள் உள்ளனவா என்று கவனியுங்கள்:

• பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி
• நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் வருவது
• நகம் கடிப்பது, இரவில் திடுக்கிட்டு விழிப்பது
• முன்பு விரும்பிச் செய்ததை வேண்டாம் என்பது
• சிறு தவறுக்கும் தாளைக் கிழிப்பது, "நான் முட்டாள்" என்று சொல்வது

இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். பள்ளி ஆலோசகரிடமோ குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பேசலாம்.

உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றிய பேச்சு வாக்குவாதமாக மாறும்போது மூத்தவர்களுக்கும் தூக்கம் கெடும், பசி குறையும். இரத்த அழுத்த மாத்திரையையும் நீரிழிவு மாத்திரையையும் வேளை தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். காலை நடையை நிறுத்தாதீர்கள். மனச்சுமையை நம்பிக்கையான ஒருவரிடம் இறக்கிவையுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*முடிவு சரியாக வராவிட்டால் உடனே மறுபடியும் சோதிக்கலாமா?*
வேண்டாம். அதே சோதனையை விரைவில் திரும்பச் செய்தால், பழகிய கேள்விகளால் மதிப்பெண் உயரும். திறன் உயர்ந்ததாகப் பொருளில்லை. மறுசோதனை தேவையா, எப்போது என்பதை உளவியலாளரிடம் கேட்கவேண்டும்.

*கடையில் விற்கும் பயிற்சிப் புத்தகங்களை வாங்கிக் கொடுக்கலாமா?*
பிள்ளை விரும்பி விளையாடும் புதிர்கள் நல்லவை. சோதனைக்கென்று பயிற்றுவித்தால் பிள்ளையின் உண்மையான தேவை முடிவில் தெரியாமல் போகும். தன் அளவுக்கு மீறிய வகுப்பில் அது திணறவும் நேரலாம்.

*நான் அதிகம் படிக்காதவள். திறமையான பிள்ளைக்கு நான் என்ன கற்றுக்கொடுக்க முடியும்?*
பூத்தொடுப்பது, பல்லாங்குழி, மாவு பிசையும் பதம், நீங்கள் இளமையில் வாழ்ந்த கம்பத்தின் கதை ஆகியவை உங்களிடம்தான் இருக்கின்றன. பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, வா, கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லுங்கள். நூலகத்துக்குச் சேர்ந்து போங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளலாம் என்பதையும் பிள்ளை உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளும்.

உதவி தேவைப்பட்டால்

• தேசிய மனநல உதவி எண்: 1771 (24 மணி நேரமும்)
• சிங்கப்பூர் அபயக்கரம்: 1767 (24 மணி நேரமும்)
• பிள்ளையின் பள்ளி ஆலோசகர், உங்கள் குடும்ப மருத்துவர், அருகிலுள்ள பலதுறை மருந்தகம்

நினைவில் கொள்ளுங்கள்

1. 100 என்பது சராசரி. சதமானம் என்பது சதவீதம் அன்று.
2. பேரப்பிள்ளையுடன் தமிழில் தொடர்ந்து பேசுங்கள்.
3. முயற்சியைப் பாராட்டுங்கள், யாருடனும் ஒப்பிடாதீர்கள்.
4. முடிவு யாருக்குத் தெரியவேண்டும் என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும்.
5. உறக்கம், விளையாட்டு, சாப்பாடு மூன்றும் முடிவுக்கு முன்பும் பின்பும் ஒரேமாதிரி இருக்கட்டும்.

இந்தக் கையேட்டைப் படித்த பிறகு உங்கள் மகனிடமோ மகளிடமோ கொடுங்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கச் சிரமமாக இருந்தால் நீங்களே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.